காதுக்கு மெத்தென்று ஒரு பெயர்

குழந்தையின் காதில் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டியவள் அத்தை. இது எங்கள் பக்கத்து வழக்கம். கிறிஸ்தவ வீடுகளிலும் அது போய்விடவில்லை. சபையில் ஐயர் தண்ணீர் தெளித்துப் பெயர் சொல்வது முறைப்படி நடக்கும். அதற்கு முன்பே வீட்டில் அத்தை சொல்லி முடித்திருப்பாள். அந்த உரிமையில்தான் தம்பியும் அவன் மனைவியும், பெண் குழந்தை பிறந்ததும் என்னிடம் கேட்டார்கள். தம்பி மனைவி திருப்பதிக்காரி, தெலுங்கு லூத்தரன் வீட்டுப் பெண். "வதினா, பைபிள் பேரா இருக்கணும். ஆனா காதுக்கு மெத்துன்னு இருக்கணும்" என்றாள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு எங்கள் ஊரான பிச்சாட்டூர் மழைக்காலச் செய்தியில் மட்டும் வந்துபோகிற ஊர். ஆரணியாற்று அணை நிரம்பி உபரி நீர் திறக்கும்போது, ஊத்துக்கோட்டைப் பக்கம் கரையோரம் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை கொடுப்பார்கள். அதில் எங்கள் ஊர்ப் பெயர் ஒரு வரி வரும். 2022 வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். 1960-இல் இரு மாநில எல்லையைத் திருத்தியபோது திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. வீட்டுக்குள் பேசுகிற பேச்சை யாரும் திருத்தவில்லை. அதனால் இங்கே ஒரு குழந்தைக்கு வைக்கிற பெயர் இரண்டு மொழிகளின் வாயிலும் புழங்கியாக வேண்டும். பாதிப் பெயர்கள் அந்தச் சல்லடையிலேயே நின்றுவிடும்.

அன்னாளைப் பாருங்கள். தமிழ் வேதாகமத்தில் சாமுவேலின் தாய். எழுத்தெல்லாம் மெல்லினமும் இடையினமும்தான். இலக்கண வாத்தியாரிடம் கொண்டுபோனாலும் மென்மை என்றே சான்று தருவார். ஆனால் இப்போது யாரும் அன்னாள் என்று வைப்பதில்லை. கடைசி 'ள்'ளை வெட்டிவிடுகிறார்கள். சாராள் சாரா ஆனாள், மரியாள் மரியா ஆனாள், லேயாள் லேயா ஆனாள். யூத நாட்டுப் பெண்களுக்கு நம் அம்மாள்களின் வால் ஒன்றை ஒட்டி, அவர்களை நம் தெருவில் நடக்க வைத்தவர்கள் பழைய மொழிபெயர்ப்பாளர்கள். எனக்கு அந்த 'ள்' பிடிக்கும். அது போகட்டும், அன்னா என்றே வைத்தாலும் பிச்சாட்டூரில் செல்லாது. தெலுங்கில் 'அன்னா' என்றால் அண்ணா. பேருந்து நிலையத்தில் நின்று பிள்ளையை "அன்னா!" என்று கூப்பிட்டால் ஆட்டோக்காரர், டீக்கடைக்காரர், சீட்டுக் கிழிக்கிற கண்டக்டர் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். தம்பி மனைவியே சிரித்துக்கொண்டு அதை அடித்தாள்.

ஆண் பிள்ளையாக இருந்தால் இன்னும் சங்கடம். நோவா என்று கூப்பிட்டால் தமிழ்ப் பாட்டி "எங்கடா நோவுது?" என்பாள். வெளிநாட்டில் இப்போது பிரபலமான ஒரு பெயரை ஆங்கிலத்தில் பார்த்துத் தமிழில் 'எலி' என்று எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ் வேதாகமத்தில் அந்த ஆசாரியன் 'ஏலி' என்று நெடிலோடுதான் இருக்கிறான், யாரும் திறந்து பார்ப்பதில்லை. பைபிளை விட்டு நல்ல தமிழில் மகிழ், எழில் என்று போகலாம் என்றால் இன்றைய தெலுங்கில் ழகரம் கிடையாது. கிராம அலுவலகத்தில் பிறப்பைப் பதிகிறவர் மகிழை 'மகில்' ஆக்கிக் கையில் கொடுப்பார். அவர்மேல் தப்பில்லை.

அதுவும் இப்போது பதிவுக்கு முன்னைவிட எடை கூடிவிட்டது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம் என்று எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை. எங்கள் அம்மா காலத்தில் பிள்ளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாளில் வாத்தியாருக்கு எது பிடித்ததோ அது நிலைக்கும்.

மெத்தென்று இருப்பது எழுத்தில் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம் வந்தது எப்சிபாவால். எபிரெயத்திலும் ஆங்கிலத்திலும் கரடுமுரடான பெயர் அது. தெலுங்கில்கூட 'ஹெஃப்சீபா'. தமிழ் நாக்கு முன்னால் இருந்த மூச்சை விழுங்கி, நடுவில் இருந்ததைத் தேய்த்து, 'எப்சி' என்று ஆக்கிக்கொண்டது. 'எப்சிம்மா' என்று ஒரு தாய் கூப்பிடும்போது அதில் எந்த முரடும் இல்லை. பெயர் வந்த இடத்தையும் பார்க்க வேண்டும். ஏசாயா 62-ஆம் அதிகாரத்தில், கைவிடப்பட்டவள் என்று ஊரார் சொல்லிவந்த ஒருத்திக்கு இனி அந்தப் பெயர் வேண்டாம் என்று கடவுள் மாற்றிவைக்கிற பெயர்தான் எப்சிபா. பக்கத்திலேயே பியூலாவும் இருக்கிறாள். இழிவான பெயரைக் கழற்றிவிட்டு வேறு பெயர் சூட்டுகிற அந்த வசனம் எங்கள் பக்கத்துச் சபைகளில் ஏன் அவ்வளவு பிரியமாக வாசிக்கப்படுகிறது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இருந்தாலும் கொஞ்சம் சொல்கிறேன். 1865-இல் ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன், ஆகஸ்ட் மிலியுஸ் என்பவரைக் கொண்டு சூலூர்ப்பேட்டையில் வேலையைத் தொடங்கியது. திருத்தணியில் பிறந்து பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் சிறு வயதில் படித்த திருப்பதிப் பள்ளிக்கூடம் அந்த மிஷனுடையதுதான். அந்த மிஷனிடமும், ஆற்காடு மிஷனிடமும், இன்னும் பலரிடமும் ஞானஸ்நானம் வாங்கியவர்களில் பெரும்பகுதி சேரிக்காரர்கள், மாலபள்ளிக்காரர்கள், மாதிகவாடைக்காரர்கள். அவர்களுக்கு அதற்கு முன் இருந்த பெயர்கள் குப்பன், பிச்சை, பெண்டய்யா, புல்லய்யா. இவற்றில் சிலவற்றில் தாயின் பயம் இருந்தது. பிறக்கிற பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்ததைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பு என்று வைத்தால் எமன் ஏமாந்து போவான் என்ற கணக்கு. எல்லாச் சாதியிலும் அது உண்டு. ஆனால் குப்புசாமி முதலியார் என்று ஒருவருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள ஒன்று இருந்தது, இவர்களுக்கு இல்லை.

தெலுங்கில் ஒரு பெயருக்குப் பின்னால் 'காரு' சேர்த்தால் மரியாதை. 'காடு' சேர்த்தால் 'அந்தப் பயல்'. ஆண்டைகள் வாயில் இவர்களுக்குக் 'காடு'தான் கிடைத்தது. ஆபிரகாம் என்றும் யாக்கோபு என்றும் புதிய பெயர் வாங்கிய மறுநாளே அந்தக் கெட்ட வால் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், சபைப் புத்தகத்தைப் பார்த்து உபதேசியார் அதே பெயரை முழுதாகச் சொல்வார். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் எங்கள் தாத்தா தலைமுறை பெயரை வாங்கியது என்று நினைக்கிறேன். மென்மையான பெயர் வேண்டும் என்று அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். ஏசாயாவையும் தாவீதையும் கேட்டு வாங்கினார்கள், ராஜாக்களையும் தீர்க்கதரிசிகளையும் கேட்டு வாங்கினார்கள். வினுகொண்டாவில் 1895-இல் பிறந்த கவிஞர் குர்ரம் ஜாஷுவாவுக்குப் பெற்றவர்கள் வைத்தது யோசுவாவின் பெயர். எரிகோவின் மதிலை விழவைத்தவன். தீண்டாமையில் நொந்த ஒருவன் வௌவாலைத் தூது விடுகிற 'கப்பிலம்' காவியத்தை அவர் 1941-இல் எழுதினார். இன்று தெலுங்கு உலகம் முழுக்க அவர் 'ஜாஷுவா காரு'.

தெற்கே கொஞ்சம் வேறு மாதிரி நடந்தது. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கு லாசர் என்ற பெயர். அதையே தமிழாக்கித் தேவசகாயம் என்றார்கள். 2022 மே 15 அன்று வத்திக்கானில் அவரைப் புனிதராக அறிவித்தபோதும் தேவசகாயம் என்றுதான் வாசித்தார்கள். 'பிள்ளை'யை மட்டும் விட்டுவிட்டார்கள், நல்லது. 1858-இல் கிறிஸ்தவரான கிருஷ்ணபிள்ளைக்கு ஹென்றி ஆல்பிரட் என்று பெயர் கொடுத்தார்கள். அவர் அதை எச்.ஏ. என்ற இரண்டு எழுத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டு கிருஷ்ணபிள்ளையாகவே இருந்து 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். கத்தோலிக்கச் சபையில் 1917-ஆம் ஆண்டுச் சட்டப்படி புனிதர் பெயர்தான் வைக்க வேண்டியிருந்தது. பெற்றோர் வேறு வைத்தால் சாமியார் தாமாக ஒன்றைச் சேர்த்துவிடுவார். 1983-இல் அது தளர்ந்தது. கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயராக இல்லாவிட்டால் போதும் என்றார்கள்.

இவர்கள் எல்லோரையும்விட எனக்குப் பிடித்தவர் வீரமாமுனிவர். தேம்பாவணியில் அவர் சூசையை வளன் என்றார், திருமுழுக்கு யோவானைக் கருணையன் என்றார். யோவானுக்குப் பெண்பால் யோவன்னாள். அப்படியானால் கருணை. தமிழிலும் தெலுங்கிலும் அதே சொல், இரண்டு எழுத்திலும் பிழையில்லாமல் எழுதலாம், எந்தத் தெருவிலும் கூப்பிடலாம். நான் அதைச் சொன்னேன். கருணா.

அங்கே ஆரம்பித்தது வழக்கு. தம்பி மனைவிக்கு முகம் வாடிவிட்டது. "கருணான்னா யாருக்குத் தெரியும் நம்ம பிள்ளைன்னு?" என்றாள். தம்பி உடனே, "தெரியாம இருக்கிறதுதான் நல்லது" என்றான். தம்பி மனைவியின் பிறந்த வீட்டார் தங்கள் குடும்பத்தில் இருக்கிற பெயராகத்தான் வேண்டும் என்று போனில் பிடிவாதம் பிடித்தார்கள். லூக்கா முதல் அதிகாரத்தில் எலிசபெத்தைச் சுற்றி நின்ற உறவினர்களும் இதையேதான் சொன்னார்கள்: உன் இனத்தில் இந்தப் பெயர் யாருக்கும் இல்லையே. பேச்சிழந்து கிடந்த சகரியா பலகையில் எழுதிக் காட்டித்தான் யோவானுக்கு யோவான் என்று பெயர் வந்தது. இரண்டாயிரம் வருஷமாகச் சொந்தக்காரர்கள் மாறவில்லை.

தம்பி சொன்னதைத் தள்ளிவிட முடியாது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கு. பிறகு 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவன் வெளியே. ஆந்திராவில் மதம் மாறிய பட்டியல் சாதியாருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பி.சி.-சி என்று ஒரு பிரிவு உண்டு; அதற்கு ஒதுக்கீடு 1 சதவீதம். பட்டியல் சாதிக்கு 15. சேரியும் அதே சேரி, கிணறும் அதே கிணறு. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்றுச் சர்ச்சுக்குப் போய்க்கொண்டே இந்து என்று சொல்லிச் சான்றிதழ் கேட்பது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால்தான் பல வீடுகளில் பிள்ளைக்கு இரண்டு பெயர். சபைப் பதிவேட்டில் ஒன்று, சான்றிதழில் ஒன்று. சுனிதா, பிரசாந்தி, வினோத், கருணாகர் என்று எந்தப் பக்கமும் சாயாத பெயர்கள் இந்த வட்டாரத்தில் பெருகியிருப்பதற்கு இது பெரிய காரணம். அப்படி வைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டுச் சான்றிதழில் பி.சி.-சி என்றுதான் இருக்கிறது. அதை அப்படியே எழுதிக் கொடுத்தவர் எங்கள் அப்பா. அது அவருடைய பிடிவாதம். அதற்கான விலையைப் பிள்ளைகள் நாங்கள் கட்டினோம், எனக்கு அதில் வருத்தமும் உண்டு, கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆனால் அப்போதுதான் என் கருணாவையே நான் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. அது மென்மையாகப் பட்டது எதனால்? ஓசையாலா, அல்லது யார் கண்ணையும் உறுத்தாது என்பதாலா? ஒரு பெண் குழந்தைக்கு மெத்தென்று பெயர் வேண்டும் என்று நாம் கேட்கும்போது, அவள் யாருக்கும் இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்பதும் அந்த ஆசைக்குள் ஒளிந்திருக்கிறதா? பையனுக்கு யாரும் 'மெத்துன்னு' என்று கேட்டு நான் பார்த்ததில்லை. தம்பியின் மூத்த பையனுக்கு வைத்தபோது "கம்பீரமா இருக்கணும், வதினா" என்று சொன்னது இதே வாய்.

நகோமி என்ற பெயர் இந்தக் கேள்விக்குப் பொருத்தம். இனிமை என்று அர்த்தம், ஓசையும் இனிமை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருந்தவள் மோவாப் தேசத்தில் புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் புதைத்துவிட்டு வெறுங்கையோடு பெத்லகேமுக்கு வந்து, இனி என்னை அப்படிக் கூப்பிடாதீர்கள், மாராள் என்று கூப்பிடுங்கள் என்கிறாள். கசப்பு. பெற்றவர்கள் ஆசையாகச் சூட்டியதை அவளே கழற்றி எறிகிறாள். எனக்குத் தெரிந்து இந்த வட்டாரத்தில் நிறைய நகோமிகள் உண்டு, ஒரு மாராளும் இல்லை. கதையில் அவள் கேட்டும் ஊரார் மாற்றவில்லை, அவர்களுக்கு அவள் கடைசிவரை நகோமிதான். அது அவர்களின் அன்பா, காது கொடுக்காத குணமா என்று வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு முடிவுக்கு வர முடிவதில்லை. பெனொனி கதையில் இப்படிக் குழப்பம் இல்லை. பிரசவத்தில் உயிர் போகும்போது ராகேல் பிள்ளைக்குத் துக்கத்தின் மகன் என்று பெயரிடுகிறாள். யாக்கோபு உடனே பென்யமீன் என்று மாற்றிவிடுகிறான். தாயின் வலியைப் பிள்ளை சாகும்வரை சுமக்க வேண்டாம் என்று அந்த மனுஷன் நினைத்தது சரிதான்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது தம்பிதான் ஜெமிமா என்றான். அவனுக்குப் பைபிளிலிருந்து வரவில்லை, டிவியிலிருந்து வந்தது. 2025 அக்டோபர் 30 அன்று நவி மும்பையில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில், ஆஸ்திரேலியா வைத்த 339 என்ற இலக்கை இந்தியப் பெண்கள் துரத்திப் பிடித்தார்களே, அன்று ஜெமிமா ரோட்ரிக்ஸ் 127 ஓட்டங்களோடு ஆட்டமிழக்காமல் நின்றார். அழுதுகொண்டே இயேசுவுக்கு நன்றி சொன்னார். அதற்கு வாழ்த்தும் வந்தது, வசையும் வந்தது. மூன்று நாள் கழித்துக் கோப்பையும் வந்தது. பிச்சாட்டூர் டீக்கடையில் தெலுங்கு வர்ணனையில் அந்தப் பெயரை அன்று இரவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் நாக்கு சுளுக்கவில்லை, யாரும் அது என்ன பெயர் என்று கேட்கவில்லை. தம்பி மனைவிக்குப் பைபிள் பெயர். தம்பிக்கு ஊருக்குத் தெரிந்த பெயர். மகரம் இரண்டு முறை வருகிறது, காதுக்கும் குறையில்லை. எனக்கு எமீமாள் என்று 'ள்'ளோடு இருந்தால் இன்னும் பிடித்திருக்கும். கேட்டுப் பார்த்தேன், இருவரும் சேர்ந்து மறுத்துவிட்டார்கள்.

யோபு எல்லாவற்றையும் இழந்து மறுபடி பெற்ற பிறகு அவனுக்கு ஏழு பையன்களும் மூன்று பெண்களும் பிறக்கிறார்கள். வேதம் முழுக்கப் பையன்கள் பெயரை வரிசையாகச் சொல்லிவிட்டுப் பெண்களைக் 'குமாரத்திகளும்' என்று ஒரு சொல்லில் முடிப்பதுதான் வழக்கம். இங்கே தலைகீழ். பையன்கள் ஏழு பேருக்கும் பெயரில்லை. பெண்கள் மூவருக்கும் பெயர் இருக்கிறது: எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக். அதற்கு அடுத்த வசனத்தில் இன்னொன்றும் இருக்கிறது. சகோதரர்கள் நடுவே அவர்களுக்கும் தகப்பன் சொத்தில் பங்கு கொடுத்தான்.

நான் தம்பியிடம் வேதாகமத்தை எடுத்துக் கொடுத்து, பெயர் வருகிற வசனத்தோடு நிறுத்தாமல் அடுத்ததையும் படிக்கச் சொன்னேன். ஏரிப் பாசனத்தில் எங்கள் அப்பா விட்டுப்போன நிலம் அவன் பெயரில் இருக்கிறது. உயில் இல்லாமல் போனால் கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்குதான். அப்பா உயில் எழுதி வைத்துவிட்டுப் போனார். எனக்குப் படிப்பும் நகையும் தந்தார், அழகான ஒரு பெயரும் தந்தார். நிலத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தம்பி படித்தான். பிறகு, "முதல்ல பேரை எழுதிடலாம்க்கா, கட்டணம் இல்லாத வருஷத்துக்குள்ள" என்றான். தம்பி மனைவி கைக்குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, தன்னுடைய தெலுங்கு பைபிளைக் கொண்டுவந்து, அதே வசனத்தைத் தேடி எடுத்து, அவனைப் பார்த்துச் சத்தமாக வாசித்தாள்.